அது உனக்கு வேணாம்

அந்தக் கடையில் அவளுக்கு 'வேணாம் அக்கா' என்று பெயர். சொந்தப் பெயர் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. கூட வேலை பார்க்கிற பெண்கள் விளையாட்டாக வைத்தது, மேனேஜர் வாய் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் வாங்க வந்தவர்கள் எதிரிலேயே அவர், "வேணாம் அக்கா, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, இருமி மழுப்பினார். அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை அது. கீழே மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி. முதல் மாடியில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும். அதற்கு மேலே டிவி. முதல் மாடி அவளுடைய ராஜ்ஜியம். வெள்ளை வெள்ளையாக நிற்கிற இயந்திரங்களுக்கு நடுவில், கால் வலியை முகத்தில் காட்டாமல், கடை திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் நிற்பாள். உட்காரக் கூடாது என்பது சட்டம். விற்கிறவள் உட்கார்ந்திருந்தால் வாங்க வந்தவர்களுக்கும் உட்காரத் தோன்றுமாம். உட்கார்ந்தால் யோசிப்பார்களாம். யோசித்தால் வாங்க மாட்டார்களாம். இது மேனேஜரின் கண்டுபிடிப்பு. அவருக்கு மட்டும் நாற்காலி உண்டு, அவர் யோசிக்கலாம்.

வாங்க வருகிறவர்களை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். படியேறி வரும்போதே எடை போட்டுவிடுவாள். ஃபிரிட்ஜ் வாங்க வந்த ஆண்கள் கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள், என்னவோ கார் வாங்குகிற மாதிரி. பெண்கள் குனிந்து அடித்தட்டைப் பார்ப்பார்கள். தம்பதியாக வந்தால் அதிகம் பேசுகிறவரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. வாய் திறக்காமல் தள்ளிப் போய் நின்று வேறு எதையோ பார்க்கிறவர் யாரோ, முடிவு அவர் கையில். "யோசிச்சிட்டு வரோம்" என்றால் வர மாட்டார்கள். விளம்பரத் தாளை மடிக்காமல் கையில் ஆட்டிக்கொண்டு போனால் அடுத்த தெருவிலேயே அது குப்பைக்குப் போகும். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தால் சாயங்காலமே திரும்பி வருவார்கள். குறை சொல்கிறவர்களைக் கண்டு பயப்படவே வேண்டாம். "கலர் நல்லாயில்ல, கதவு லொடலொடங்குது" என்று ஒருவர் சொன்னால், மனசுக்குள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எந்த மூலையில் வைப்பது என்று பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். வேண்டாத பொருளை யாரும் மெனக்கெட்டுக் குறை சொல்வதில்லை.

எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டால் ஒன்று சொல்வார்கள். துணி நன்றாக வெளுக்க வேண்டும், கரண்ட் கம்மியாக இழுக்க வேண்டும். எல்லாம் வாய்ப்பேச்சு. எதிர்வீட்டில் எது இருக்கிறது, மச்சினன் பெண்டாட்டி எதை வாங்கினாள், வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் எது முதலில் படும், இதுதான் உள்ளே ஓடுகிற கணக்கு. அது தப்பு என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. துணியும் துவைக்க வேண்டும், நாலு பேர் எதிரில் தலை நிமிர்ந்தும் நடக்க வேண்டும், ஒரே மெஷின் இரண்டையும் செய்தால் நல்லதுதானே என்பாள்.

'வேணாம்' அவளிடம் வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கடையிலேயே பெரிய ஃபிரிட்ஜின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "அது உங்களுக்கு வேணாம்மா. ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெருசு? பாதி காலியாவே கிடக்கும்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். பூசி மெழுகத் தெரியாத வயசு. அவர்கள் சின்னதாக ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "எங்க அந்தப் பொண்ணு?" என்று தேடிப் பிடித்து, அவள் கை காட்டியதையெல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் கவனித்தார். "நீ சொன்னியே ஒரு வார்த்தை, அதை விட்டுடாதே. எல்லார்கிட்டயும் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொன்னாள். தலையை லேசாகச் சாய்த்து, மெதுவாக, ரகசியம் சொல்வதுபோல: "அது உங்களுக்கு வேணாம்மா." கேட்கிறவர்களில் இரண்டு வகை. ஒரு வகைக்கு மனசு குளிர்ந்துவிடும். அட, விற்கிறவளே வேணாம் என்கிறாளே, இவள் நம்ம ஆள் என்று சாய்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவள் சொல்வதெல்லாம் வேதவாக்கு. இன்னொரு வகைக்குச் சுருக்கென்று தைக்கும். "ஏன் வேணாம்? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று அந்தப் பெரியதையே பில் போடச் சொல்வார்கள். எது நடந்தாலும் கடைக்கு நஷ்டம் இல்லை. ஒரே ஒரு விதி, காரணம் சொல்லக் கூடாது. காரணம் சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் சூடு ஆறிவிடும். வேணாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, பக்கத்து மெஷினில் இல்லாத தூசியைத் துடைக்க வேண்டும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் வீட்டில் நடித்துக் காட்டுவாள். அவளுடைய புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், பேசுவதைவிடக் கேட்பதில் பிரியமுள்ள மனுஷன். ஆனால் நிஜமான ரசிகை தங்கைதான். பல் டாக்டர் ஒருவரிடம், வருகிறவர்களை உட்காரவைத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிற வேலை தங்கைக்கு. லாரி ஓட்டுகிற கணவன் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான், அதனால் விடுமுறை என்றால் அக்கா வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். அக்கா சாப்பாட்டு மேஜை பக்கத்தில் எழுந்து நின்று, ஒரு கணம் வாங்க வந்தவளாகவும் மறு கணம் தானாகவும் மாறி மாறி நடிப்பாள். "வேணாம்னு சொன்னேனா, அந்த அம்மாவுக்கு மூக்கு விடைச்சுது பாரு!" என்று மூக்கை விடைத்துக் காட்டுவாள். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"பாவம்க்கா அவங்க" என்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"என்னடி பாவம்? கையப் பிடிச்சு இழுத்தேனா? பிடிச்சுத்தானே வாங்கினாங்க?"

இத்தனை தெரிந்தவளுக்குத் தன் விஷயத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு கதை. ஒரு முறை செருப்பு வாங்கப் போனாள். நாள் முழுக்க நிற்கிற காலுக்குத் தட்டையாக, மெத்தென்று ஒன்று வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரப் பெண் அவள் காலைப் பார்த்து, "உங்க காலுக்கு எது போட்டாலும் அழகுக்கா" என்றாள். அந்தப் பேச்சின் அடி முதல் நுனி வரை தெரிந்தவள், குதிகால் உயர்ந்த ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அது இன்னும் அலமாரி மேல் பெட்டியோடு கிடக்கிறது. "உனக்கு அது வேணாம்னு சொல்ல ஒரு அக்கா இல்லாமப் போயிட்டாளே" என்று தங்கை வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் காலை வாருவாள்.

அந்தத் தங்கைதான் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்கு வந்தாள். கூடவே அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. நாத்தனார் வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். நல்லவள்தான், ஆனால் "நம்ம வீட்டுல இருக்கிறது" என்று ஆரம்பிக்காமல் ஒரு வாக்கியம் பேச வராது. அவளுடைய அந்த 'நம்ம வீட்டில்' இருக்கிற வாஷிங் மெஷின் முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. உள்ளே துணி சுழல்வது வெளியே தெரியும்.

"எங்க அக்கா கடைதான் அண்ணி" என்றாள் தங்கை, கடையே அக்காவுக்குச் சொந்தம் என்பதுபோல. அக்காவுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். நாத்தனாருக்கு ஒரு ஸ்டூல்கூடப் போட்டாள், மேனேஜர் முறைத்ததைக் கண்டுகொள்ளவில்லை.

தங்கை நேராகப் போய் நின்றது கண்ணாடிக் கதவு மெஷினின் முன்னால். கதவைத் தொட்டாள். ஒரு சுற்றுச் சுற்றி மற்றதையெல்லாம் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் தொட்டாள். திரும்பி வந்து தொடுகிறவர்கள் அதை வாங்காமல் போவதில்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். தங்கை குடியிருப்பது கடைசி மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. தண்ணீர்த் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது. உயரத்திலிருந்து இறங்கினால்தானே தண்ணீருக்கு வேகம், அந்த வீட்டுக் குழாயில் நூல் மாதிரி வடியும். தனியாக மோட்டார் வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் விடுவதில்லை. ஒரு வாளி நிறைவதற்குள் குளிக்கிற ஆசையே போய்விடும் என்று தங்கையே கேலி செய்திருக்கிறாள். கண்ணாடிக் கதவு மெஷினுக்கு அந்தத் தண்ணீர் போதாது. கொஞ்ச நேரம் பார்க்கும், நிறையவில்லை என்றால் கீங் கீங் என்று கத்திக்கொண்டு நின்றுவிடும். மேலே மூடி வைத்த சாதாரண மெஷின்தான் அந்த வீட்டுக்குச் சரி. குழாய் கைவிட்டாலும் மூடியைத் திறந்து வாளியால் ஊற்றிக்கொள்ளலாம்.

இதைச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவள் என்ன செய்தாள் என்றால், தலையை லேசாகச் சாய்த்தாள். மெதுவாக, ரகசியம் சொல்வதுபோல, "அது உனக்கு வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கை தானாகப் போய்ப் பக்கத்து மெஷினில் இல்லாத தூசியைத் துடைத்தது.

தங்கைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அக்கா வீட்டில் செய்கிற மாதிரி விளையாடுகிறாள் என்று நினைத்தாள். அக்கா சிரிக்கவில்லை. தங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளுக்கும்தான் அந்த இரண்டு வகை தெரியுமே. அக்கா தன்னை எந்த வகையில் சேர்த்திருக்கிறாள் என்று அவள் கண் தேடியது. பக்கத்தில் நாத்தனார் வேறு.

"ஏன் வேணாமாம்?" என்றாள் நாத்தனார், தங்கையைப் பார்த்து.

"இல்ல, உங்க வீட்டுக்கு அது..." என்று ஆரம்பித்தாள் அக்கா. 'உங்க வீட்டுக்கு' என்பது அந்த இடத்தில் எப்படி விழுந்தது என்று அவள் காதுக்கே கேட்டது.

"எங்க வீட்டுக்கு என்ன?" தங்கையின் மூக்கு லேசாக விடைத்தது. "இதையே எடுத்துக்கறோம். பில் போடச் சொல்லுக்கா."

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் என்று ஒரு வார்த்தை போதும். அதற்குள் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து, "நல்ல செலக்‌ஷன் மேடம்! நம்ம அக்கா வீட்டு ஆளுங்களா? சொல்லவே இல்லையே" என்று நாத்தனாரிடம் குழைய ஆரம்பித்துவிட்டார். ஆனால் மேனேஜர் மேல் பழியைப் போட்டு என்ன ஆகப்போகிறது? அவர் வருவதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்று இருக்கிறது. "இதையே எடுத்துக்கறோம்" என்று தங்கை சொன்னபோது, வழக்கமாக நடப்பதுபோலவே, அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடியது. தூண்டிலில் மீன் கவ்வினால் கைக்குத் தெரியுமே, அது. எதிரில் நிற்பது தங்கை என்று தெரிந்தும் ஓடியது. அதைத்தான் அவளால் பிறகு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்று வீட்டில் நடித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

"தங்கச்சி கடைக்கு வந்தாளாமே? என்ன வாங்கினா?" என்று கேட்டார் புருஷன்.

"கண்ணாடிக் கதவு மெஷின்."

"அந்த வீட்டுத் தண்ணிக்கு அது ஓடுமா?"

லிஃப்ட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன சம்பந்தம், ஆனாலும் அவருக்கு அது முதலில் தோன்றியது. வாங்க வந்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டியது, விற்றவள் சொல்லியிருக்க வேண்டியது. அவள் கழுவின தட்டையே திரும்பக் கழுவினாள்.

மறுநாள் காலையில், மெஷின் வண்டியில் ஏறுவதற்கு முன் போன் செய்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பிரிக்காத சாமானை மாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. இங்கே கடையின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய சாமான் வாங்கினவர்களுக்கு அடுத்த நாள் கடையிலிருந்து போன் போகும். வாங்கிவிட்டு வீட்டுக்குப் போனதும் யாருக்கும் மனசு அரிக்கும். அவசரப்பட்டோமோ, அந்த இன்னொன்றை எடுத்திருக்கலாமோ என்று புரண்டு புரண்டு படுப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குரல், "நல்ல செலக்‌ஷன்மா, எங்க வீட்டுலயும் அதான்" என்று சொன்னால் அரிப்பு அடங்கிவிடும். பொருள் திரும்பி வராது. அந்தப் போனைப் பேசுகிறவளும் இவள்தான். அதையும் தங்கைக்கு நடித்துக் காட்டியிருந்தாள்.

"என்னக்கா, நல்ல செலக்‌ஷன்னு சொல்லத்தானே கூப்பிட்ட?" என்று எடுத்ததுமே கேட்டாள் தங்கை. "அண்ணி இங்கதான் இருக்காங்க. மெஷின் வர்றதப் பாக்கணும்னு வந்துட்டாங்க. ஸ்பீக்கர்ல போடறேன், நீயே சொல்லு."

கேலி மாதிரியும் இருந்தது, கெஞ்சல் மாதிரியும் இருந்தது. தண்ணீர் என்ற அந்த ஒரு வார்த்தை அக்காவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. போனில் நாத்தனார் தொண்டையைச் செருமுவது கேட்டது. இப்போது சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் இருந்த பதில் வெளியில் சொல்லக்கூடியதாக இல்லை.

"நல்ல செலக்‌ஷன்" என்றாள். "எங்க வீட்டுலயும் அதான் வாங்கணும்னு இருக்கேன்."

போனை வைத்துவிட்டு மெஷின்களுக்கு நடுவில் நின்றாள். வரிசையாக இருந்த வட்டக் கண்ணாடிகளில் அவள் முகம் வளைந்து, வீங்கித் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் ஃபிரிட்ஜ் பக்கம் போய்விட்டாள்.

அப்புறம் தங்கை அந்த மெஷினைப் புகழத் தொடங்கினாள். யாரும் கேட்காமலேயே புகழ்ந்தாள். "சத்தமே இல்லக்கா." "அண்ணி வீட்டுல இருக்கிறதவிட நல்லா வெளுக்குதுக்கா." வாங்கியதை வாய் ஓயாமல் புகழ்கிறவர்களைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதா? நன்றாக ஓடுகிற மெஷினைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, அது பாட்டுக்கு ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். புகழ்ச்சி கூடக் கூட, எங்கேயோ இடிக்கிறது என்று பொருள். தெரிந்தும் நம்பப் பார்த்தாள். ஒருவேளை கட்டிடத்தில் குழாயை மாற்றியிருப்பார்கள். ஒருவேளை இப்போது தண்ணீர் நன்றாக வருகிறதோ என்னவோ. தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொள்வதில் வாங்க வருகிறவர்களுக்கு அவள் ஒன்றும் சளைத்தவள் இல்லை.

விடுமுறை நாட்களில் தங்கை வருவது குறைந்தது. உடம்பு அலுப்பாக இருக்கிறது என்றாள். வந்தாலும் கடைக் கதை கேட்பதில்லை. அக்காவும் சொல்வதில்லை. புருஷன்தான் பாவம், பழக்கமில்லாத வேலையாக, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஏதோ சொல்லி இருவரையும் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

கடையில் அவள் இன்னும் 'வேணாம்' சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வேலை அது. ஒரு நாள் மட்டும், கைக்குழந்தையோடு வந்த ஒரு சின்னப் பெண் கண்ணாடிக் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோது, அவளால் தாங்க முடியவில்லை. "எத்தனாவது மாடிம்மா நீங்க? குழாய்ல தண்ணி எப்படி வரும்?" என்று விசாரித்தாள். கேட்டுவிட்டு, "அப்படின்னா இது வேணாம்மா. பாதியில நின்னுடும், உங்களுக்குக் கஷ்டம்" என்று, விதியை மீறி, காரணத்தோடு சொன்னாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. இந்தக் கடையில ஒரு அக்கா வேணாம் வேணாம்னு சொல்லியே வித்துடுவாங்கன்னு. நீங்கதானா அது?"

சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒரு வித்தைக்காரியை நேரில் பார்த்த சந்தோஷம்தான். கண்ணாடிக் கதவையே வாங்கிக்கொண்டு போனாள். அக்காவுக்கு அன்று நின்ற இடத்திலேயே மறைந்து போனால் தேவலை என்றிருந்தது. இனி அவள் வாயிலிருந்து நிஜமான வேணாம் ஒன்று வந்தால், அதை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை. சொந்தத் தங்கைகூட வாங்கிக்கொள்ள மாட்டாள்.

அடுத்த விடுமுறைக்குக் கிளம்பித் தங்கை வீட்டுக்குப் போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடம். படியெல்லாம் ஈரமாக இருந்தது. யாரோ தளும்பத் தளும்பத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த யாரோவைத் திட்டிக்கொண்டே, வழுக்காமல் சுவரைப் பிடித்து ஏறினாள். ஈரம் ஒவ்வொரு மாடியாக அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டே போய், கடைசி மாடியில் தங்கையின் வாசலுக்குள் நுழைந்தது. அவள் திட்டுவதை நிறுத்தினாள்.

கதவு திறந்தே கிடந்தது. குளியலறை வாசலில் தங்கை முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடிக் கதவு மெஷின், புதுக் கருக்கு அழியாமல். பக்கத்தில் ஒரு வாளி. மெஷினில் சோப்புத்தூள் போடுகிற சின்ன இழுப்பறையை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, அதில் மக்கால் மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல், குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றினாள். வேண்டிய தண்ணீர் சேர்ந்ததும் மெஷின் ஒரு உறுமு உறுமிவிட்டுச் சுழன்றது.

நிமிர்ந்த தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. மக்கை வாளிக்குள் போட்டு, வாளியைக் காலால் பின்னால் தள்ளினாள்.

"வாக்கா" என்றாள். "சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சு வச்சிருப்பேனே."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் எங்க? துணி சேர்ந்தாத்தான்."

"கீழேருந்து தூக்கிட்டு வர்றியா?"

"கீழ நல்லா வருது. நமக்கும் உடம்பு இறங்கும்ல" என்று சிரிக்கப் பார்த்தாள்.

அக்கா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கையின் கையை இழுத்துப் பார்த்தாள். வாளிப் பிடி அழுத்தின இடம் சிவந்து காய்த்திருந்தது. பல் வலியோடு வருகிறவர்கள் எதிரில் மேஜை மேல் இந்தக் கையை எப்படி வைத்துக்கொள்கிறாளோ.

"இதுக்குக் கையாலயே தொவச்சிருக்கலாமேடி. தண்ணியாவது மிச்சம்."

"அண்ணி திடீர்னு வருவாங்கல்ல, மெஷின் சும்மா கிடந்தா கேப்பாங்க" என்றாள் தங்கை. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவுக்குத் தெரியாத வியாபாரமா?

"நான் அன்னிக்கு நிஜமாத்தான் சொன்னேன்" என்றாள் அக்கா. "இந்தத் தண்ணிக்கு இது ஓடாதுன்னு தெரிஞ்சுதான் வேணாம்னேன். கடைப் பேச்சு இல்லடி. சத்தியமா."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"மெஷின் வந்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. அண்ணி கிளம்பினதும் துணியப் போட்டேன், பாதியில நின்னுது. அப்பவே தோணிச்சு, அக்கா நிஜமாத்தான் சொல்லியிருக்கா, நான்தான் வீம்புக்கு வாங்கிட்டேன்னு. அழுகையே வந்துடுச்சு. உடனே உனக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன்." தங்கை சுழல்கிற துணியைப் பார்த்தபடியே பேசினாள். "ஆனா அன்னிக்குக் காலையிலதான் நீ நல்ல செலக்‌ஷன்னு சொல்லியிருந்த. உங்க வீட்டுலயும் அதான் வாங்கப்போறேன்னு. வேணாம்னது நிஜம்னா இது என்ன? இது நிஜம்னா அது என்ன? எனக்குப் புரியலக்கா. உன்கிட்ட கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு."

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வெக்கமா இருந்துச்சுடி" என்றாள். "மொதல்லயே காரணத்தைச் சொல்லல. அதை மறைக்கத்தான் அப்படி உளறிட்டேன்."

தங்கை தலையாட்டினாள். தூண்டிலில் மீன் கவ்வின அந்தச் சந்தோஷத்தை மட்டும் அக்கா சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"மாத்திடலாம்" என்றாள் அவசரமாக. "மேனேஜர்கிட்ட நான் பேசறேன். மேல மூடி வச்சது ஒண்ணு அனுப்பறேன். உங்க அண்ணிகிட்டயும் நானே வந்து சொல்றேன், எல்லாம் என் தப்புன்னு. என்ன?"

மெஷின் நின்றது. கீங் கீங் என்று கத்தத் தொடங்கியது. தங்கை கையை மெதுவாக உருவிக்கொண்டு, வாளியை முன்னால் இழுத்தாள். அடியில் இருந்த தண்ணீரைச் சரித்து மக்கில் எடுத்து ஊற்றினாள்.

"வேணாம்க்கா" என்றாள்.

தலை லேசாகச் சாய்ந்திருந்தது. மெதுவாகச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மெஷினின் மேல் இல்லாத தூசியைப் புறங்கையால் துடைத்தாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முகங்களில் அந்தச் சொல்லைப் போட்டு ஆழம் பார்த்தவள். இது கோபத்தில் சொல்கிற வேணாமா, அக்கா எல்லோர் எதிரிலும் தலைகுனியக் கூடாது என்கிற வேணாமா, இல்லை, இன்னும் ஒரு முறை வற்புறுத்திக் கேள் என்கிற வேணாமா? அவளுக்குத் தெரியவில்லை. ஏன் வேணாம் என்று கேட்கலாம். தங்கை காரணம் சொன்னாலும் அது நிஜமா, இதுவும் தன்னிடம் கற்றுக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெஷின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. வாளி காலியாக இருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு, ஈரப் படியில் பார்த்துக் கால் வைத்து, தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கினாள்.